ஒட்டாத குதிரை

ஓட்ஸ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறேன்,
தலைமுடியில் கருகிய தவிட்டு வாசனை.
காற்று திரும்பும் நாளில்
சீடர் ராபிட்ஸ் முழுக்கவே
அடுப்பில் மறந்த கஞ்சியாய் மணக்கும்.

ஹோலுப்பின் அடகுக் கடையில்
பனி அள்ளும் யந்திரத்துக்கும்
யாரும் மீட்காத கல்யாண மோதிரங்களுக்கும் நடுவே
அது தொங்குகிறது, மூன்று வாரமாக.
புடைத்த நெஞ்சு. நடுவில் வட்டத் துளை இல்லை,
பக்கத்துக்கு ஒன்றாய் எஃப் எழுத்துக் கீறல்.
நூற்று நாற்பது டாலர்.

என் காரின் பின் டயர்
நூற்று முப்பத்திரண்டு.

தானம் வந்த மாடா என்ன,
பல்லைப் பிடித்தே பார்த்தேன்.
செதுக்கிய மரமில்லை,
ஆவி காட்டி அச்சில் அழுத்திய ஒட்டுப்பலகை.
கீறலின் விளிம்பில் மூன்று அடுக்கும் தெரிகிறது
கடித்த வேஃபர் பிஸ்கட் போல.
பன்னிரண்டாம் கட்டில், கம்பிக்கு அடியில்
இரண்டு நாணயம் நுழைகிறது,
மூன்றாவதும் முயன்று பார்க்கிறது.
செல்போன் விளக்கை உள்ளே அடித்தால்
ஒரு தூசி உருண்டை, உடைந்த பிளெக்ட்ரம்,
லேபிள் இருந்த இடத்தில் பசையின் சதுரம்.
பெயர்கூட இல்லாத பிறவி.

வாசித்தேன். இனிமையெல்லாம் கிடையாது.
கதவைத் தட்டிவிட்டு ஓடும் பையன் மாதிரி சத்தம்.
டக்.
திறந்து பார்த்தால் ஆளில்லை.

சிக்கலே அங்கேதான். அந்த டக் எனக்கு வேண்டும்.
சனிக்கிழமை போல்கா அரங்கில்
வெர்ன் ஷ்டாஸ்ட்னி அக்கார்டியனை விரித்தாரென்றால்
வீட்டில் இருக்கும் என் வட்டத் துளைக்காரி
டீயில் விழுந்த சர்க்கரை.
இருக்கிறாள் என்று நம்பலாம், பார்க்க முடியாது.
'நீ வாசிப்பது உன் தோள் அசைவில் தெரிகிறது' என்றார் வெர்ன்,
நல்ல மனுஷன், பாராட்டாகத்தான் சொன்னார்.

ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு
என்று போனில் கேட்டாள் அக்கா லிபுஷா,
இரண்டு கல்யாணம் செய்துகொண்டவள்.

இன்று நான்காம் முறை.
சாலை ஓரமெல்லாம் அழுக்குப் பனி,
வளைவில் கார் ஒருமுறை பின்னால் நழுவி
அந்த நூற்று முப்பத்திரண்டை நினைவூட்டியது.
வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் போனேன்.
'துருப்பிடித்த கம்பியில் கேட்டால் எப்படி' என்று
ஹோலுப் ஆறையும் ஒரேயடியாகத் தளர்த்தினார்.

குதிரை விழுந்தது.

கம்பிகளைச் சுமந்த அந்தக் கருமரத் துண்டு
சறுக்கி, மேசையில் உருண்டு,
என் உள்ளங்கைக்கு வந்து நின்றது.
உடைத்துவிட்டோம் என்றேன்.
'அதை ஒட்டுவதே இல்லை அம்மா,
கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும்,
அதுவரை எங்கே வேண்டுமானாலும் போகும்.'

பல்பொடி டப்பா மூடி கனம்கூட இல்லை.
கீழே இரண்டு பாதம்,
அந்த வளைவுக்கென்றே யாரோ தேய்த்துக் கொடுத்தது.
மலிவுச் சாமானுக்கும் ஒருவர்
இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

மரத்தில் அது நின்ற இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது,
கைக்கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டு மாதிரி.
'அரை மயிரிழை தள்ளினாலும் சுருதி சேராது' என்றார்.
நான் சட்டைப்பையிலிருந்து,
மூட்டை எண்ணிக்கை குறிக்கும் ஆலைப் பென்சிலை எடுத்து,
மூச்சை அடக்கிக்கொண்டு
இந்தப் பாதத்துக்கு ஒன்று, அந்தப் பாதத்துக்கு ஒன்று,
மெல்லிய இரண்டு கோடு போட்டேன்.

நிமிர்ந்தபோதுதான் உறைத்தது,
வாங்காத பொருளில் எழுதியிருக்கிறேன்.

ஹோலுப் ஒன்றும் சொல்லவில்லை.
கல்லாவைத் துழாவி
தேய்ந்த ரப்பர் ஒன்றை எடுத்து
என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அதை அங்கேயே விட்டுவிட்டு
உறைக்குத் தனிக் காசா என்று கேட்டேன்.
வீட்டுக்கு மெதுவாக ஓட்ட வேண்டும்.